நண்பகல், இரவு ஒன்பது மணிக்கு

என் கூடத்தில் இரவு ஒன்பது மணிக்கு நண்பகல்.
நான்தான் அப்படி வைத்தேன்.
ஆலை பஸ் சுங்கை நிபோங்கில் இறக்கிவிட,
லிஃப்ட் வேலை செய்தால் லிஃப்டில்,
இல்லையென்றால் பதினோரு மாடியும் நடந்து
கதவைத் திறக்கிறபோது
ஒரு சூரியன் உச்சியில் நிற்கவேண்டும் எனக்கு.

நாற்பது லிட்டர் கடல்.
உப்பு பாக்கெட்டில் வந்தது.
பாறையும் பவளமும் ஜெலுத்தோங்கில், ஆ ஹெங் கடையில்.
நிஜக் கடல் சன்னலுக்கு வெளியே
பாலத்து விளக்குகளின் கீழே கறுப்பாகக் கிடக்கிறது.
அதற்கு நான் ஒன்றும் செய்யவேண்டியதில்லை.

பாயான் லெப்பாஸில்
எல்இடி பிரிப்பது என் வேலை.
கடுகளவு விளக்கு. ஒருமுறை மினுக்கும்.
இயந்திரம் எண் சொல்லும்.
இது மூன்றாம் பெட்டி, இது ஐந்தாம் பெட்டி,
இது குப்பை.
எட்டு வருடம் வெளிச்சத்தோடு புழங்கியவள்
என்ற திமிரில்தான்
முதல் நாளே வெள்ளையை எழுபதுக்கு ஏற்றினேன்.

அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

மூன்றாம் நாள் சுத்தியல் பவளம்
விரல்களை எலும்புக்குள் இழுத்துக்கொண்டது.
ஐந்தாம் நாள் ஓரத்தில் ஒரு வெளுப்பு,
நகத்தில் விழும் வெள்ளைப் பூ அளவு.

ஆ ஹெங் படத்தைப் பார்த்தார். திட்டவில்லை.
ஒளிமானியை எடுத்து நீட்டினார்,
முன்பணம் நூறு வெள்ளி, நாளைக்கே திருப்பவேண்டும்.
பிறகு மலாயில் சொன்னார்:
அதன் தோலுக்குள்ளே பாசி குடியிருக்கிறது,
வாடகைக்குப் பதில் சமைத்துப் போடுகிறது.
அடுப்பு அளவுக்கு மீறி எரிந்தால்
வீட்டுக்காரி சமைக்கிற ஆளையே துரத்திவிடுவாள்.
அப்புறம் வீடு வெள்ளையாக, சுத்தமாக,
பட்டினியாக இருக்கும்.
"பெலான்-பெலான்," என்றார்
இரண்டு விரலால் மேசைமேல் படியேறிக் காட்டி.

அன்றிரவு உணர்கோலை நீரில் இறக்கி
நான் எண் சொல்லச் சொல்ல
தனேஸ்வரி கரண்டு பில்லின் முதுகில் எழுதினாள்.
பாறை உச்சி, இருநூற்றுப் பத்து.
மணல், தொண்ணூறு.
பொந்து வாசலில் முப்பதுதான்,
அங்கே காளான் பவளம்
யாரையும் கேட்காமல் கொழுத்திருந்தது.
என் கண்ணுக்கு மூன்றும் ஒரே வெளிச்சம்.
கண்ணைப்போல ஏமாளி கிடையாது,
உள்ளதற்குத் தக்கபடி தன்னைத் திறந்துகொண்டு
போதும் போதும் என்கிறது.

வெள்ளை பன்னிரண்டு. நீலம் முப்பத்தைந்து.
வாரத்துக்கு நீலத்தில் மூன்று ஏற்றலாம்,
அதுவும் விரிந்திருந்தால்.
"சாவு வீட்ல டிவி ஓடுற மாதிரி இருக்கு,"
என்றாள் தனேஸ்வரி. கூடத்து மெத்தை அவளுடையது,
பாதி வாடகையும்.
போர்வையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டாள்.

ஆறு வாரம். நீலம் ஐம்பத்து மூன்று.
ஒரு செவ்வாய்க்கிழமை, முன்னறிவிப்பு இல்லாமல்,
எல்லா விரலும் வெளியே வந்து
இல்லாத அலையில் ஆடின.
நான் சோறு ஆறுவதைக்கூட கவனிக்கவில்லை.

அடுத்த திங்கள் ஷிப்ட் மாற்றினார்கள்.
இரவு ஏழிலிருந்து காலை ஏழு.
கைப்பேசியில் ஒரே இழுப்பு,
நண்பகல் காலை எட்டரைக்கு வந்துவிடும்.
இழுத்தேன்.
இழுத்துவிட்டுப் பார்த்தால்
மூன்று நாளாகத் தூங்காத என் கண்
திரையில் எரிகிறது, நெற்றிக்குள் மணல்,
பசி எந்த வேளையில் என்று வயிற்றுக்குத் தெரியவில்லை.
மீண்டும் ஒன்பதுக்கே தள்ளி வைத்தேன்.

இப்போது என் நண்பகல் நானில்லாமல் நடக்கிறது.
காலையில் வந்தால் தொட்டி இருட்டு,
பம்பு மட்டும் முனகும்.
விளக்கைப் போடாமல் செருப்பைக் கழற்றுகிறேன்.

வேலையிடத்தில் கைப்பேசி லாக்கரில்.
மூன்று மணி இடைவேளையில் திறந்தால்
தனேஸ்வரி அனுப்பிய படம்,
கலங்கல், முழுக்க நீலம்,
கீழ் ஓரத்தில் அவள் கால் கட்டைவிரல்.
"உன் ஆளு விரிச்சிட்டான்.
சவுண்டா தூங்க முடியல, அம்பத்தாறு ஆக்கிட்டியா?"

ஆக்கவில்லை.
அடுத்த வாரம்தான்.